காற்றை நம்பிய மாட்டு டாக்டர்



போன வருஷம் எங்க மாமா சூளகிரியிலிருந்து கொத்தமல்லி லோடு ஏத்திக்கிட்டு பெங்களூரு போனார். ஓசூர் தாண்டும்போது டெம்போவின் பின் டயர் வெடித்துவிட்டது. வண்டி தடுப்பில் உரசி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. டயரில் காத்து குறைவா இருந்ததுதான் காரணம் என்று பஞ்சர் கடை அண்ணன் சொன்னார். டயரில் காற்றை அடைக்க யாருக்குத் தோன்றியது என்று தேடியபோது இவர் கதை கிடைத்தது.

ஜான் பாய்ட் டன்லப் 1840-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். இவர் இன்ஜினியர் இல்லை, மாட்டு டாக்டர்! அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் வைத்தியம் பார்த்தார்.

அவருடைய சின்ன மகனிடம் மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. சக்கரத்தில் கெட்டி ரப்பர். கல் ரோட்டில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கும். 1887-இல் டன்லப் ரப்பர் குழாய் செய்து, மரச் சக்கரத்தில் சுற்றி, கால்பந்து பம்பால் காற்று அடித்தார். பழைய சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியிலேயே விழுந்தது. காற்றுச் சக்கரம் கேட் வரை ஓடியது!

1888-இல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருஷம் பெல்ஃபாஸ்ட் சைக்கிள் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்பவர் இந்த டயரில் ஓட்டி ஜெயித்தார். ஆனால் பிறகு ஒரு இடி. ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். டன்லப்பின் உரிமை செல்லாமல் போச்சு. தாம்சன் டயரை ஊரே மறந்திருந்தது. அதை எல்லோரும் ஓட்டும்படி செய்தவர் டன்லப்தான். பெரிய பணக்காரர் ஆகாமலே 1921-இல் டப்ளினில் இறந்தார். அவர் பெயர் மட்டும் உலகமெல்லாம் உருண்டது.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். காற்று குறைந்தால் டயரின் பக்கங்கள் மடங்கி மடங்கி, சூடாகி வெடிக்கும். வளைவில் வண்டி ஆடும். அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும், பிடிமானம் குறையும். அதனால் காலையில் வண்டி ஓடும் முன், டயர் சூடாகாதபோது, அளவு பார்த்துக் காத்து அடிக்கணும். ஸ்டெப்னிக்கும்தான்.

எங்க மாமா இப்போ காத்து பார்க்காமல் வண்டி எடுப்பதில்லை. நம் ஊர் வழியே நெடுஞ்சாலை போகுது. உங்க வீட்டிலும் வண்டி ஓட்டுபவர் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி,
சூளகிரி.