போர்வீரர் உணவைப் பாட்டிலில் அடைத்த மிட்டாய்க்காரர்

உங்கள் சமையலறை அலமாரியில் டின்னில் அடைத்த அன்னாசித் துண்டுகளோ, வெந்நீரில் சூடாக்கிச் சாப்பிடும் புலாவ் பாக்கெட்டோ இருக்கிறதா? அப்படியென்றால் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரருக்கு நீங்களும் கடன்பட்டவர்தான்.

1749-ல் ஷாலோன் நகரில், விடுதி நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் அப்பேர். பிறகு பாரிஸில் மிட்டாய்க் கடை வைத்தார். அந்தக் காலத்தில் நெடுந்தூரம் போகும் படைகளுக்கும் கப்பல்களுக்கும் உப்பிட்ட இறைச்சியும் கல் போன்ற பிஸ்கட்டும்தான் உணவு. காய்கறி, பழம் இல்லாமல் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் மடிந்தார்கள்.

1795 வாக்கில் அப்பேர் சோதனைகளில் இறங்கினார். பட்டாணி, பால், இறைச்சி என எதையும் கெட்டியான கண்ணாடி பாட்டிலில் நிரப்புவார். தக்கையால் இறுக அடைத்து, கம்பியால் கட்டி, துணியில் சுற்றி, கொதிநீரில் வைப்பார். மாதக்கணக்கில் கெடவில்லை! கடற்படையும் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளின் பங்கை லூயி பாஸ்டர் விளக்கியது 1860-களில்தான்.

1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு தந்தது. ஒரே நிபந்தனை: செய்முறையைப் புத்தகமாக வெளியிட வேண்டும். அப்பேர் வெளியிட்டார், ரகசியம் உலகத்துக்கே பொதுவானது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட், தகர டப்பாவையும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளிலேயே லண்டன் தொழிற்சாலையின் டின் உணவு பிரிட்டிஷ் படைகளுக்குப் போனது. பாட்டில் உடையும், டின் உடையாது அல்லவா? ஆனால் டின் திறக்கும் கருவி வந்தது 1850-களில். அதுவரை உளியும் சுத்தியலும் கத்தியும்தான்!

1814-ல் படையெடுத்து வந்த எதிரிகளால் மாஸியில் இருந்த அப்பேரின் தொழிற்சாலை நாசமானது. மீண்டும் தொடங்கினார், செல்வம் சேரவில்லை. 1841-ல் வறுமையில் இறந்தவரைப் பொதுக் குழியில் புதைத்தார்கள்.

இன்று ராணுவ உணவு, எடை குறைந்த பல அடுக்குப் பைகளில் வருகிறது. நம் வீரர்களுக்காக மைசூரு பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடமும் இத்தகைய பைகளை உருவாக்கியது. பை மாறினாலும் முறை அப்பேருடையதே: காற்றுப் புகாமல் மூடு, நன்றாகச் சூடாக்கு.

இதில் ஏதாவது தவறினால் உள்ளே கிருமி வளர்ந்து டின் உப்பிவிடும். அப்படிப்பட்ட டின்னையோ பாக்கெட்டையோ கடையில் கண்டால் வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால், ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.