கைக்குழந்தையுடன் வேலூர் ஜெயிலுக்குப் போன தாய்

கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு என்றால் விரிஞ்சிபுரத்தில் கூட்டம் தாங்காது. மார்க்கபந்தீசுவரர் கோவிலின் சிம்ம தீர்த்தத்தில் இரவில் முழுகி, ஈரப் புடவையோடு பிரகாரத்தில் படுத்திருப்பார்கள் பெண்கள். பிள்ளை வரம் வேண்டித்தான்!

அந்த ஊரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது வேலூர். 1932-ம் ஆண்டில், வயிற்றில் பிள்ளையோடு ஒரு தாய் வேலூர் ஜெயிலுக்கு வந்தார்.

அவர்தான் கடலூர் அஞ்சலை அம்மாள்.

1890-ல் கடலூர் முதுநகரில் பிறந்தவர். எளிய குடும்பம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவர் முருகப்பன், பத்திரிகை ஏஜெண்டு.

1921-ல் காந்தி அடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார். போராட்டச் செலவுக்குப் பணம் வேண்டும். குடும்பத்து நிலத்தை விற்றார். பிறகு வீட்டையும் விற்றார். நிலத்தை விற்பவர்கள் உண்டு. குடியிருக்கும் வீட்டை விற்றுக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

நீலன் சிலை

சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் என்ற வெள்ளைக்காரத் தளபதியின் சிலை இருந்தது. 1857-ம் ஆண்டுப் புரட்சியை ஈவு இரக்கமின்றி அடக்கியவன் அவன். அந்தச் சிலையை அகற்ற 1927-ல் போராட்டம் நடந்தது. அஞ்சலை அம்மாள் அதில் குதித்தார். மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக் கொண்டு போனார். சிறுமி என்றும் பாராமல் மகளுக்கும் ஜெயில்! பிற்பாடு அந்தப் பெண்ணைத் தம் ஆசிரமத்தில் சேர்த்துக் கொண்ட காந்தி, லீலாவதி என்று பெயர் வைத்தார்.

1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் அஞ்சலை அம்மாளுக்குப் பலத்த காயம். அப்படியும் அவர் ஓயவில்லை. அடுத்த போராட்டம்தான் அவரை வேலூருக்குக் கொண்டு வந்தது.

பச்சை உடம்பு

பிரசவத்துக்காக அவரை ஜாமீனில் விட்டார்கள். ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், மருந்து என்று வீடே பார்த்துப் பார்த்துச் செய்யும் காலம் அது. ஆனால் இரண்டே வாரத்தில், அந்தப் பச்சை உடம்போடு, கைக்குழந்தையைத் தூக்கிக் கொண்டு மறுபடியும் வேலூர் ஜெயிலுக்குள் போனார் அஞ்சலை அம்மாள். அந்தக் குழந்தைக்கு "ஜெயில் வீரன்" என்றே பெயர் வந்தது. அதுவே பின்னாளில் ஜெயவீரன் ஆயிற்று.

1934-ல் காந்தி கடலூர் வந்தார். அஞ்சலையைச் சந்திக்கக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டது. அம்மாள் சும்மா இருப்பாரா? முஸ்லிம் பெண்ணைப் போல பர்தா போட்டுக் கொண்டு, குதிரை வண்டியில் போய்ப் பார்த்து விட்டார்! தென்னாட்டு ஜான்சி ராணி என்ற பட்டம் கிடைத்தது.

1937-ல் தேர்தல். சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கே பெரும்பாலும் ஓட்டு இருந்த காலம். அஞ்சலை அம்மாள் சென்னைச் சட்டசபை உறுப்பினர் ஆனார். அதே ஆண்டில்தான் ராஜாஜி மந்திரிசபை நீலன் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றியது. 1946-லும் அம்மாள் வெற்றி பெற்றார்.

தீர்த்தாம்பாளையம் என்ற கிராமத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அம்மாள் முயற்சி செய்து, வீராணம் கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால் வெட்ட வைத்தார். "அஞ்சலை வாய்க்கால்" என்று அதற்குப் பெயர் விழுந்தது.

1961 பிப்ரவரி 20-ந் தேதி அஞ்சலை அம்மாள் காலமானார்.