ராங்கின் அம்மையாரின் வோட்டு

தேர்தலில் ஜயிப்பதே ராஜீய வாழ்வின் பலன் என்று கருதுவோர் பலர். ஜயித்த ஸ்தானத்தை எதன்பொருட்டு இழக்கத் துணியலாம் என்பதை அறிந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்காவில் மாண்டனா ராஜ்யத்தைச் சேர்ந்த ஜெனெட் ராங்கின் அம்மையார்.

அம்மையார் 1880-ம் வருஷம் மிஸூலா நகருக்கு அருகில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். மாண்டனா, மலைகளும் மேய்ச்சல் நிலங்களும் தாமிரச் சுரங்கங்களும் கொண்ட பரந்த பிரதேசம், ஜனத்தொகையோ சொற்பம். அங்கே ஸ்திரீகளின் வோட்டுரிமைக் கிளர்ச்சியை அவர் முன்னின்று நடத்தினார். 1914-ல் அது பலித்தது. 1916-ல் அமெரிக்கச் சட்டசபையாகிய காங்கிரஸின் பிரதிநிதி சபைக்கு, ரிபப்ளிகன் கட்சி அபேட்சகராக நின்றார்.

அப்பொழுது மாண்டனாவுக்கு இரண்டு ஸ்தானங்கள். ராஜ்யம் முழுவதும் ஒரே தொகுதி. அம்மையார் ஊர் ஊராகச் சென்று குடியானவர்களையும் சுரங்கத் தொழிலாளரையும் கண்டு பேசினார். தம்பி வெல்லிங்டன் தேர்தல் வேலைகளைக் கவனித்தார். வோட்டுகளை எண்ணி முடிவு தெரியச் சில தினங்கள் ஆயின. அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஸ்திரீ அவரே. தேச முழுமைக்கும் ஸ்திரீ வோட்டுரிமை அரசியல் சட்டத்தில் ஏறியது 1920-ல்தான்.

1917 ஏப்ரல் 2-ந் தேதி பதவியேற்றார். நான்கே நாட்களில், ஜெர்மனியின்மீது யுத்தம் தொடுக்கும் தீர்மானம் வோட்டுக்கு வந்தது. ஆதரித்தவர் 373, எதிர்த்தவர் 50. அம்மையார் எதிர்த்தார். அவ்வருஷமே ப்யூட் நகரச் சுரங்கத் தீயில் 160-க்கு மேற்பட்டோர் மாண்டபோது, சர்வ வல்லமை படைத்த அனகொண்டா தாமிரக் கம்பெனிக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நின்றார். பின்னர் ராஜ்யம் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தமக்கு அனுகூலமற்ற தொகுதியை விடுத்து 1918-ல் ஸெனட் சபைக்கு நின்ற அம்மையார் தோற்றார்.

1940-ல், யுத்தத்துக்கு விரோதி என்பதைப் பகிரங்கமாகச் சொல்லியே மறுபடி ஜயித்தார். 1941 டிசம்பர் 8-ந் தேதி, பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், ஜப்பான்மீது யுத்தத் தீர்மானம் வந்தது. ஆதரவு 388, எதிர்ப்பு ஒன்றே. அந்த ஒன்று அம்மையாருடையது. சூழ்ந்த கூட்டத்துக்குத் தப்ப, டெலிபோன் அறையில் புகுந்துகொள்ள நேர்ந்தது. 1942-ல் அவர் தேர்தலுக்கு நிற்கவில்லை.

காந்தியடிகளின் அஹிம்சா மார்க்கத்தில் பற்றுக்கொண்ட அம்மையார், 1946 முதல் பல முறை பாரத தேசத்துக்கு வந்தார். 1968-ல், 87-வது வயதில், வியத்நாம் யுத்தத்தை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான ஸ்திரீகளுடன் ஊர்வலம் சென்றார். 1973-ல் காலமானார்.

தாக்குதலுக்குள்ளான தேசம் ஆயுதம் எடுக்கலாகாதென்ற 1941-ம் வருஷத்து முடிவை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆயினும், கொள்கையை மறைத்து வோட்டுக் கேட்காமையும், கேட்டபடியே நடந்தமையும், அதன் விலையை முணுமுணுக்காமல் செலுத்தியமையும் எந்தக் கட்சியாரும் கற்கத் தக்கவை. பிரதிநிதியின் தவற்றைத் திருத்த ஜனங்களுக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. பிரதிநிதி தமது மனச்சாட்சியை விற்றுவிட்டாலோ, அதை மீட்டுத் தர எந்தத் தேர்தலாலும் இயலாது.