பென்சிலால் எழுதிய மனு

குழந்தைகளே! 1910ல் அமெரிக்காவில் பிறந்த கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். திருட்டுக்காகச் சிறை சென்றவரும்கூட.

1961ல் புளோரிடாவில், ஒரு விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடியதாக அவரைக் கைது செய்தார்கள். கையில் காசில்லை. வக்கீல் அமர்த்தித் தருமாறு நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை வழக்குக்கு மட்டுமே அந்த உதவி உண்டு என்று மறுத்துவிட்டார்கள். எதிரே அரசு வக்கீல். இவர் பக்கம் யாருமில்லை. தானே வாதாடித் தோற்றார். 5 ஆண்டு சிறை!

கிடியன் சோர்ந்துவிடவில்லை. சிறையில் சட்டப் புத்தகங்களைப் படித்தார். பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பெருங்குற்ற வழக்கில் சிக்கும் ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என 1963ல் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறுவிசாரணையில் அவருடைய வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். கிடியன் விடுதலையானார்! 1972ல் மறைந்தார்.

யார்மீது புகார் வந்தாலும், அவர் பக்க நியாயத்தையும் கேளுங்கள், குழந்தைகளே!