கையேந்திய கரங்களில் எழுத்தைத் தந்த வாலன்டீன் ஹாவி

இல்லாதார்க்கு ஈவது அறம். இல்லாதார் இனிமேல் இரவாமல் வாழ வழிசெய்வது அதனினும் பெரிய அறம். முன்னது ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். பின்னதோ ஒரு மனிதனை நிமிர்ந்து நிற்க வைக்கும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைத் தன் வாழ்நாளெல்லாம் நடந்து கடந்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் வாலன்டீன் ஹாவி ஆவார். பார்வையற்ற இளைஞர்களுக்கென உலகின் முதற்பள்ளியை நிறுவியவர் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

பிரான்சின் வடபகுதியில் உள்ள சேன் ஜூஸ்ட் என்னும் சிற்றூரில், 1745ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் ஓர் எளிய நெசவாளர் குடும்பத்தில் ஹாவி பிறந்தார். அவருடைய தமையனார் ரெனே ஜூஸ்ட் ஹாவி படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து, படிகவியலின் தந்தை எனப் பெயர் பெற்றவர். தம்பியோ மொழிகளில் நாட்டம் கொண்டார். பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்து, பாரிஸ் நகரில் கடிதங்களையும் ஆவணங்களையும் மொழிபெயர்க்கும் தொழிலை மேற்கொண்டார். தறியும் நூலும் கண்ட வீட்டில் வளர்ந்தமையால், கைத்தொழிலின் அருமையையும் உழைத்து உண்பதன் பெருமையையும் அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

சந்தையில் கண்ட காட்சி

1771ஆம் ஆண்டு பாரிஸ் நகரச் சந்தையில் அவர் கண்ட காட்சியொன்று அவர் வாழ்வின் திசையையே மாற்றியது. பார்வையற்ற சிலருக்குக் கோமாளி உடையும் உயர்ந்த தொப்பியும் அணிவித்து, அட்டையால் செய்த பெரிய மூக்குக் கண்ணாடிகளை மாட்டி, இசைக்குறிப்புத் தாள்களையும் முன்னே வைத்து, வாசிக்கத் தெரியாத வயலின்களை இழுக்கச் செய்திருந்தனர். அபசுரம் எழும்போதெல்லாம் கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சந்தைக்கு வந்தவர்களுக்கு அது வேடிக்கை. ஹாவிக்கு அது மானுடத்தின் மானக்கேடு. எழுதவும் படிக்கவும் தெரிவதாக நடிக்க வைக்கப்பட்ட அம்மனிதர்களை மெய்யாகவே எழுதவும் படிக்கவும் வைப்பேன் என அவர் உறுதி பூண்டார்.

பார்வையற்றோருக்குப் பாரிஸில் அதற்கு முன்னரே ஓர் இல்லம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மன்னர் ஒன்பதாம் லூயி 300 பேருக்கென அமைத்த அறச்சாலை அது. ஆனால் அங்கு வாழ்ந்தோர் நகர வீதிகளில் இரந்தே நாள் கழித்தனர். தங்க இடம் இருந்தது. வாழத் தொழில் இல்லை.

முதல் மாணவன்

எண்ணம் செயலாக மேலும் 13 ஆண்டுகள் ஆயின. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாரிஸில் லெப்பே பாதிரியார் நடத்திய பள்ளி அவருக்கு ஊக்கம் தந்தது. 1784இல் வியன்னாவிலிருந்து வந்த மரியா தெரேசியா பாரடிஸ் என்னும் பார்வையற்ற இசைக்கலைஞர், உரிய பயிற்சி கிடைத்தால் விழியிழந்தோரும் உயர்நிலை எய்தலாம் என்பதற்குக் கண்கூடான சான்றாய் நின்றார்.

அவ்வாண்டில் ஒரு தேவாலய வாயிலில் ஹாவி தம் முதல் மாணவனைக் கண்டார். பிரான்சுவா லெசூர் என்பது அவன் பெயர், வயது 17. கைக்குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த அவன் இரந்து பெற்ற காசில்தான் அவனுடைய குடும்பமும் உண்டது. கற்க வா என அழைத்தால் அவன் எவ்வாறு வருவான்? அவன் வாயிலை விட்டு எழுந்தால் வீட்டில் அடுப்பு எரியாதே!

ஹாவியின் மேதைமை ஒளிர்ந்த இடம் இதுவே. இரந்தால் கிடைக்கக்கூடிய தொகையைத் தாமே நாள்தோறும் தருவதாக ஒப்புக்கொண்டு, அவனைத் தம் வீட்டிற்கு அழைத்துவந்தார். பிள்ளை கற்க வேண்டுமானால் முதலில் குடும்பத்தின் பசிக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்விடத்தில் நம் நினைவு மதீனாவை நோக்கிச் செல்வது இயல்பே. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அன்சாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் அண்ணலார் இரண்டு திர்ஹங்களுக்கு விற்றுத் தந்தார்கள். ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றிற்குக் கோடரி. அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்கும்படி அனுப்பி வைத்தார்கள். முதல் திர்ஹம் வீட்டின் பசிக்கு, இரண்டாம் திர்ஹம் தொழிலுக்கு என்ற அந்த வரிசையை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அம்மனிதர் மீண்டும் கையேந்தவே நேர்ந்திருக்கும்.

எழுத்தும் தொழிலும்

மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவி லெசூர் கற்கத் தொடங்கினான். ஒருநாள் ஹாவியின் மேசையிலிருந்த அச்சிட்ட அட்டையொன்றின் பின்புறம் எழுத்தின் அழுத்தம் புடைத்திருப்பதை அவன் விரல்கள் கண்டுகொண்டனவாம். அதிலிருந்தே புடைப்பெழுத்து நூல்களை அச்சிடும் வழி தோன்றியதென்பர். ஈரத்தாளைப் பெரிய ஈய அச்சுகளின்மேல் அழுத்தி எழுத்துகளை மேலெழச் செய்தனர். சில திங்களுக்குள் லெசூர் அறிஞர் அவையில் படித்துக் காட்டினான். தேவாலய வாயிலில் கையேந்தியவன் பின்னாளில் அதே பள்ளியில் பணிபுரியும் நிலைக்கு உயர்ந்தான்.

பாரிஸ் நகர அறக்கொடைச் சங்கம், ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பார்வையற்ற பிள்ளைகள் 12 பேரை ஆதரித்து வந்தது. அவர்களும் ஹாவியிடம் பயில வந்தனர். எழுத்து, கணக்கு, இசை ஆகியவற்றோடு நூல் நூற்றல், பின்னல், கயிறு திரித்தல், அச்சுக்கோத்தல் முதலிய தொழில்களும் கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோர் கல்வி பற்றி ஹாவி இயற்றிய நூல் 1786இல் வெளிவந்தது. அதை அச்சிட்டவர்கள் அவருடைய மாணவர்களே. அவ்வாண்டு டிசம்பரில் வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயியின் முன்னிலையில் அம்மாணவர்கள் தம் திறனைக் காட்டினர்.

சரிவும் தனிமையும்

பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1791இல் அரசே பள்ளியை ஏற்றது. ஆயினும் போரும் பணமுடையும் அதை வாட்டின. 1801இல் ஆட்சியாளர் இப்பள்ளியை முன்னர்க் கூறிய பழைய அறச்சாலையுடன் இணைத்தனர். கற்று வெளியேற வேண்டிய இளைஞர், காலமெல்லாம் அங்கேயே தங்கிவிட்ட முதியோருடன் அடைக்கப்பட்டனர். பள்ளி என்பது புறப்படும் இடம். அறச்சாலை என்பது ஒதுங்கும் இடம். இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அன்றைய ஆட்சியின் பிழை. கல்வி நலிந்தது, மறு ஆண்டே ஹாவி பணியிலிருந்து விலக்கப்பட்டார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. தனியே ஒரு பள்ளி நடத்தினார். 1806இல் ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தரின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்டார். வழியில் பெர்லினில் அவர் காட்டிய ஆர்வம் அங்கும் ஒரு பள்ளி எழத் துணைநின்றது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலும் பள்ளி அமைத்து, 1817இல் முதுமையுடன் பாரிஸ் திரும்பினார். தாம் நிறுவிய பள்ளியைக் காண விழைந்தபோது, அன்றைய தலைவர் அவரை வாயிலுக்குள் விடவில்லை! தலைமை மாறிய பின், 1821இல் அப்பள்ளி அவரை அழைத்து இசை விழா எடுத்துப் பெருமை செய்தது. அப்போது அங்கே பயின்ற மாணவருள் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவனே லூயி பிரெயில். அடுத்த ஆண்டு, 1822 மார்ச்சில் ஹாவி மறைந்தார்.

ஆசிரியரை விஞ்சிய மாணவன்

ஹாவியின் முறையில் ஒரு குறையும் இருந்தது. கண்ணுக்கென வகுத்த எழுத்தையே அவர் விரலுக்கும் தந்தார். நூல்கள் பருத்துக் கனத்தன; படிப்பது மெதுவாயிற்று; எழுதுவது அரிதாயிற்று. குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியின் மகனாகிய பிரெயில், 1824இல் தம் 15ஆம் வயதில் ஆறு புள்ளி முறையை உருவாக்கி அக்குறையைத் தீர்த்தார். அவரே ஆசிரியராகவும் தேவாலயத்தில் ஆர்கன் இசைப்பவராகவும் உழைத்து வாழ்ந்தார். அப்பள்ளியில் பயின்ற குளோது மொந்தால் என்பவர் பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழிலில் தேர்ந்து, அதைப் பார்வையற்றோர்க்கு உரிய ஒரு பிழைப்பாகவே வளர்த்தார். உதவுவோர் கதவைத் திறக்கலாம். உள்ளே வருவோர் அவர்களையும் விஞ்சி நடப்பர் என்பதற்கு இவர்களே சான்று.

அவ்வொளி நம் மண்ணையும் எட்டியது. 1887இல் அமிர்தசரசிலும், 1890இல் நம் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. தமிழும் இன்று ஆறு புள்ளிகளில் படிக்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்கும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டுக்கும் குறையாத இட ஒதுக்கீட்டை வகுத்துள்ளது.

ஆயினும் சட்டம் கல்லூரி வாயில்வரைதான் வரும். வீட்டு வாசலிலிருந்து பிள்ளையை அவ்வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? அவன் கற்கும் காலத்தில் அவ்வீட்டின் அடுப்பை எரியச் செய்வது யார்? வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசல் முன் நீளும் இளங்கரங்களில் நாணயம் இட்டு நகர்கிறோம். அந்த நாணயங்களையே ஒன்றுசேர்த்து, ஒரு பிள்ளைக்குக் கல்விக்காலம் முடியும்வரை மாதந்தோறும் உதவித்தொகையாகவும், முடிவில் ஒரு தொழிற்கருவியாகவும் தர நம் ஜமாஅத்துகளால் இயலாதா? ஹாவி என்னும் தனி மனிதர் ஓர் இளைஞனின் ஒருநாள் வருவாயைத் தம் பையிலிருந்து ஈடுசெய்து தொடங்கிய பணி இது. நாமோ ஒரு சமுதாயம்.