அடிநாதம் மீட்டிய மிங்கஸ்

முன்வரிசையில் நின்று பாடுவோரின் புகழ் விரைவில் பரவும். பின்னின்று தாங்குவோரின் பெயரை ஊர் மறந்துவிடும். இவ்வழக்கத்தை மாற்றியமைத்தவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ். 1971-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றை அண்மையில் படித்து இன்புற்றேன். சித்தூருக்கும் திருப்பதிக்குமிடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பேருந்துப் பயணம் எனக்கு நொடியாய்க் கழிந்தது.

1922 ஏப்ரல் 22-இல் அரிசோனா மாநிலத்து நொகேல்ஸில் பிறந்தவர் மிங்கஸ். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் அவர் பயின்றது செல்லோ. ஆனால் கறுப்பினத்துச் சிறுவனுக்கு மேல்நாட்டு மரபிசைக் குழுக்களின் கதவு அன்று திறக்கவில்லை. ஆகவே டபுள் பேஸைக் கையிலெடுத்தார். மூடிய கதவின் முன் முடங்காமல், கிடைத்த கருவியையே தம் குரலாக்கினார்!

ஆம்ஸ்ட்ராங், ஹாம்ப்டன் குழுக்களில் வாசித்தார். 1952-இல் மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து சொந்த இசைத்தட்டு நிறுவனம் கண்டார். 1957-இல் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர் நுழைவதைத் தடுத்த ஆளுநரை எள்ளி ஓர் இசை புனைந்தார். 1959-இல் சொற்களின்றி வந்த அவ்விசை, மறு ஆண்டு வேறொரு நிறுவனத்தில் சொற்களோடு பதிவாயிற்று.

தன்வரலாற்றில் தம்மையே மூவராகப் பிரித்துக்காட்டுகிறார். மிகைக்கூற்றுகளும் அதில் உண்டு. ஆயினும் உள்ளத்தின் வலி பொய்யன்று.

படித்த ஆர்வத்தில் நானும் ஒரு பேஸ் கிட்டார் தேடினேன். மிங்கஸ் மீட்டியதோ ஆளுயரக் கருவி. 1951-இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின்பேஸ், அவ்வடிநாதத்தைத் தோளில் மாட்டும் அளவாக்கியது. அதன் கம்பி நீளம் 34 அங்குலம். என் விரல்கள் குட்டை. ஆதலால் 30 அங்குலக் கருவியைத் தேர்ந்தேன். தோள் நோகாதிருக்க அகன்ற தோல்வார்; கழுத்துப்பகுதி கீழே சாயாத சமநிலை. சாய்ந்தால் அதைத் தாங்குவதிலேயே இடக்கை களைத்துவிடும். உடல் வலியை மறந்தாலன்றோ செவி இசையில் ஒன்றும்?

அந்த உடலே மிங்கஸைக் கைவிட்டது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் அவர் விரல்களை முடக்கியது. அப்போதும் ஒலிநாடாவில் பாடிப் பாடி இசை புனைந்தார். 1978 ஜூனில் வெள்ளை மாளிகையில் பெருங்கலைஞர் கூடி அவரைப் போற்றியபோது, சக்கர நாற்காலியிலிருந்தபடியே கண்ணீர் வடித்தார். 1979 ஜனவரி 5-இல் மெக்சிகோவில் 56 வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படி மனைவி சூ, அவருடைய சாம்பலைக் கங்கையில் கரைத்தார்.

திருமலைக் கோயிலில் அன்னமாச்சாரியாரின் செப்பேடுகள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து பின்னர் வெளிப்பட்டதை நாம் அறிவோம். மிங்கஸின் ‘எபிடாஃப்’ என்னும் பேரிசையின் ஏடுகளும் அவர் மறைவுக்குப் பின்னரே கண்டெடுக்கப்பட்டு, 1989-இல் நியூயார்க்கில் முழுமையாக முழங்கின.

நண்பர்களே, வசதியான கருவியைத் தேர்வது நன்று; வசதியான வாழ்வு வாய்க்கட்டும் என்று கலையைத் தள்ளிவைப்பது நன்றன்று. கிடைத்ததைக் கொண்டு இன்றே தொடங்குவோம்.