நீர் வளர்த்த நங்கை ஆரதி சாஹா

காவிரிக் கரையையும் பொருநைக் கரையையும் விட்டுப் பிழைப்பை நாடி ஹூக்ளிக் கரைக்கு வந்தவர்கள் நாம். நம்மை ஏற்றுக்கொண்ட இம்மாநகர் ஈன்ற நன்மக்களை நம் குழந்தைகள் அறிந்திருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவர் நீச்சல் வீராங்கனை ஆரதி சாஹா. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆரதி 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவில் நடுத்தரக் குடும்பமொன்றில் பிறந்தார். இரண்டரை வயதில் தாயை இழந்த அக்குழந்தையைப் பாட்டியாரே வளர்த்தார். நான்கு வயதில், வீட்டுப் பெரியவருடன் சம்பாதலா படித்துறைக்கு நீராடச் சென்றபோது தண்ணீரின்மேல் தணியாத வேட்கை பிறந்தது. இதனைக் கண்ட தந்தையார் பஞ்சுகோபால் சாஹா, மகளை அடக்கிவைக்க எண்ணாது ஹாட்கோலா நீச்சற் கழகத்திற் சேர்த்தார். பெண்மக்களைப் பெற்றோர் இதனை மனங்கொள்க. 1946இல், ஐந்து வயதில், 110 கெஜப் போட்டியில் ஆரதி தங்கப் பதக்கம் வென்றார். சச்சின் நாக் போன்ற வல்லுநரின் பயிற்சியும் வாய்த்தது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற இந்தியக் குழுவில் யாவரினும் இளையவர் இவரே. அப்போது இவருக்குப் பன்னிரண்டு வயதும் நிரம்பவில்லை.

1958இல் பிரஜன் தாஸும் மிஹிர் சென்னும் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தனர். அது கண்டு ஆரதியும் அச்செயலுக்குத் துணிந்தார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட அக்கடல், நேர்க்கோட்டில் சுமார் 21 மைலே. எனினும் நீரோட்டம் நீந்துவோரைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லுமாதலால் வழி நீண்டுவிடும். உடல் விறைக்கும் குளிர் வேறு. இளைப்பாறுவதற்காகத் துணைப் படகைப் பற்றினாலும் முயற்சி முறிந்ததாகவே கொள்ளப்படும்.

1959 ஆகஸ்ட் 27ஆம் நாள் முதல் முயற்சி நடைபெற்றது. துணைப் படகு காலந்தாழ்த்து வந்தமையால் நல்ல நேரம் நழுவியது. கரை ஐந்து மைல் தொலைவில் தெரிந்த வேளையில் எதிர்நீரோட்டம் மறித்தது. மனமொவ்வாமலே கைவிட நேர்ந்தது.

இத்துணை அருகிற் சென்று தோற்றவர் தாயகம் திரும்பினும் பழிப்பவர் இலர். ஆரதி திரும்பவில்லை. முப்பத்துமூன்று நாள் கழித்து, செப்டம்பர் 29ஆம் நாள், பிரான்சின் கிரிநே முனையில் மீண்டும் கடலில் இறங்கினார். பத்தொன்பது வயது நிறைந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. 16 மணி 20 நிமிடம் நீந்தி இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் ஏறி, அங்கே நம் நாட்டுக் கொடியை உயர்த்தினார். அக்கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்னும் புகழ் அவரதாயிற்று. 1960இல் பத்மஸ்ரீ விருது வந்தது. விளையாட்டுத் துறையில் அதனைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

பின்னர் டாக்டர் அருண் குப்தாவை மணந்து இல்லறம் நடத்திய ஆரதி, 1994 ஆகஸ்ட் 23ஆம் நாள் மறைந்தார். 1999இல் நம் அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

நாம் வாழும் பவானிபூரிலும் பத்மபுகூர் என்னும் பெயரிலேயே குளம் இருக்கிறது. பாட்டும் கோலமும் பயிலும் நம் பெண் குழந்தைகள் நீந்தவும் பயில்வாராக. கரை அருகில் வந்தும் கைநழுவிய காலத்தில், மீண்டும் இறங்கும் நெஞ்சுரம் அவர்க்கு வாய்ப்பதாக.